லிப்ரே ஆபிஸ் ரைட்டர்: கோளாறு வந்தால் எவ்வளவு தூரம் சரிசெய்ய முடிகிறது?

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஆவணம் தட்டும் பகுதிதான் ரைட்டர். அதில் கோளாறே வராது என்று யாராவது சொன்னால், அவர் அதில் நாலு பக்கத்துக்கு மேல் தட்டியதில்லை என்று அர்த்தம். வரும். வந்தபின் பயனரோ டெவலப்பரோ அதை எவ்வளவு தூரம் மடக்கிப் பிடிக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பெண்.

முதல் பாராட்டு சேஃப் மோடுக்கு, அதாவது உங்கள் சொந்த அமைப்புகளை ஒதுக்கிவிட்டுத் திறக்கும் முறைக்கு. 2017 பிப்ரவரியில் வந்த 5.3 பதிப்பிலிருந்து ஹெல்ப் மெனுவில் இருக்கிறது. கர்சர் தாவினாலும், அடித்த எழுத்து தாமதமாக வந்தாலும், டூல்பார் காணாமல் போனாலும் முதலில் இதில் திறந்து பாருங்கள். கோளாறு மறைந்துவிட்டால் காரணம் யூசர் ப்ரொஃபைல் (உங்கள் அமைப்புகள் சேமிக்கப்படும் ஃபோல்டர்), ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதலாக நிறுவிய துணைநிரல்), அல்லது கிராஃபிக்ஸ் முடுக்கம். இந்த மூன்றையும் அதே பெட்டியில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். எடுத்த எடுப்பில் முழு ப்ரொஃபைலையும் ரீசெட் செய்துவிடாதீர்கள். நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்கள், ஆட்டோகரெக்ட் பட்டியல், ஆட்டோடெக்ஸ்ட், டெம்ப்ளேட் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்தான் கிடக்கின்றன. முதலில் அதை ஜிப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அங்கேயே பொத்தான் உண்டு.

ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து பாதி அழிந்து தெரிவது, கர்சரின் தடம் பழைய இடத்திலேயே நிற்பது போன்றவை பெரும்பாலும் எடிட்டிங் கோளாறே இல்லை. 7.0 பதிப்பில் வந்த ஸ்கியா என்ற வரைகலை அடுக்கின் வேலை. டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லிப்ரே ஆபிஸ் > வியூ பக்கத்தில் ஸ்கியாவை சாஃப்ட்வேர் ரெண்டரிங்குக்கு மாற்றி, மூடித் திறந்தால் தெரிந்துவிடும்.

தமிழுக்கு வருவோம். தலையில் குட்ட வேண்டிய இடம் இது. ஸ்டைலை (எழுத்துரு, அளவு போன்றவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு வைத்த தொகுப்பை) திறந்து அளவை 14 என்று மாற்றுகிறோம்; ஆங்கிலம் பெரிதாகிறது, தமிழ் இருந்த அளவிலேயே நிற்கிறது. காரணம், ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் மேற்கத்திய எழுத்து, ஆசிய எழுத்து, சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட், குறிகள் சேர்ந்து வடிவம் மாறும் எழுத்துமுறை) எழுத்து என்று மூன்று தனித்தனி எழுத்துரு, அளவு, தடிமன் இருக்கின்றன. தமிழ் மூன்றாவது வகை. ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் பகுதிக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஸ்டைலின் எழுத்துருப் பக்கத்தில் சிடிஎல் பகுதி தெரியும். அளவை அங்கே மாற்றுங்கள். போல்டும் அப்படியே. தெரிந்தே செய்த வடிவமைப்பு என்பதால் இதைக் கோளாறாகப் பதிந்து பயனில்லை. ஆனால் புதிதாக வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதுதான் கேள்வி.

டெலிட்டும் பேக்ஸ்பேஸும் ஒரே மாதிரி நடக்காததும் திட்டமிட்டதே. ‘கொ’வுக்கு முன்னால் நின்று டெலிட் அடித்தால் முழு எழுத்தும் போகும். பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அடித்தால் கடைசிக் குறி மட்டும் போய் ‘க’ மிஞ்சும். ‘கெ’ மிஞ்சினால் அங்கேதான் விஷயம்: அந்த எழுத்து ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளாக அடிக்கப்பட்டிருக்கிறது. திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும்போதுதான் பாதிச் சொற்கள் தப்பிவிடும். எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்+எக்ஸ் அடித்தால் யூனிகோட் எண்ணாக மாறும், மறுபடி அடித்தால் எழுத்தாகும். சந்தேகமான ‘கொ’வையும் புதிதாக அடித்த ‘கொ’வையும் இப்படி ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ அடித்து வைத்த ஆவணங்களுக்கும் இதே சோதனைதான்.

வேறு ஆவணத்திலிருந்து ஒட்டிய பத்தி அடம்பிடித்தால் கன்ட்ரோல்+எம் போதும், ஸ்டைல் வழியாக இல்லாமல் எழுத்தின் மேலேயே போட்ட நேரடி வடிவமைப்பு கழன்றுவிடும். 7.6-இல் ஸ்டைல்ஸ் பக்கப்பட்டையில் சேர்ந்த ஸ்பாட்லைட், எந்த வரியில் ஸ்டைலை மீறிய வடிவமைப்பு ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அருமையான சேர்க்கை.

இனி நிரலில் கைவைப்பவர்களுக்கு. கோளாறைக் காட்டும் ஆவணத்தை ‘ஃப்ளாட் எக்ஸ்எம்எல்’ வகையில் சேமித்தால் டெக்ஸ்ட் எடிட்டரிலேயே திறந்து படிக்கலாம். தேவையற்றதை வெட்டி வெட்டி, பத்து வரியில் கோளாறு நிற்கும்படி செய்யுங்கள். சொற்கள் காரணமில்லாமல் துண்டுதுண்டாகப் பிரிந்திருந்தால் ஆவண ஒப்பீட்டுக்காக ரைட்டர் போட்டுவைக்கும் ரேண்டம் எண்தான் காரணம். ஆப்ஷன்ஸில் ரைட்டர் > கம்பாரிசன் பக்கத்தில் அணைத்துவிடலாம்.

பழைய பதிப்பில் சரியாக இருந்தது புதியதில் கெட்டால் பைபைசெக்ட் இருக்கிறது; கெடுத்த மாற்றத்தைப் பாதிபாதியாக வெட்டித் தேடும் முறை அது. ஏற்கெனவே பில்டு செய்த (நிரலிலிருந்து ஓடும் மென்பொருளாக மாற்றிய) பதிப்புகளை ஒரே கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களை வரிசையாகச் சேமிக்கும் இடத்தில்) அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றை எடுத்து ஓட்டி ‘சரி’, ‘தவறு’ என்று மட்டும் சொன்னால் போதும். ஆயிரம் மாற்றங்களுக்குள் குற்றவாளியை ஏறக்குறைய 10 சோதனையில் பிடித்துவிடலாம். சி++ ஒரு வரி தெரியாதவரும் செய்யக்கூடிய இந்த வேலை, திருத்துபவரின் சுமையில் பாதியைக் குறைக்கும். களஞ்சியம் பல ஜிபி. இணைப்பு மெதுவாக இருந்தால் பொறுமை தேவை. முழு நிரலையும் பில்டு செய்வது அதைவிடப் பெரிய பாடு. சாதாரண லேப்டாப்பில் முதல் முறை மணிக்கணக்கில் ஓடும்.

இன்னொரு பொறி: ரைட்டரின் பத்திகளை ஒரு எஞ்சின் கையாள்கிறது, கமென்ட் பெட்டியையும் வடிவங்களுக்குள் இருக்கும் எழுத்தையும் எடிட் எஞ்சின் என்ற வேறொன்று கையாள்கிறது. பத்தியில் சரிசெய்த கர்சர் கோளாறு கமென்ட்டில் அப்படியே இருக்கலாம். பேட்ச் (திருத்தம்) போடும் முன் இரண்டு இடத்திலும் சோதியுங்கள். அன்டூவையும் விடாதீர்கள், குறிப்பாக மாற்றங்களைப் பதிவு செய்யும் ட்ராக் சேஞ்சஸ் ஓடும்போது. அழித்த எழுத்து அப்போது ஆவணத்தை விட்டுப் போகாமல் குறியோடு உள்ளேயே இருப்பதால் இடக்கணக்கு தவற வாய்ப்பு அதிகம். திருத்தத்தோடு ஒரு தானியங்கி டெஸ்டையும் சேர்த்தால் நிரல் திருத்தங்களை மற்றவர்கள் பார்த்து ஏற்கும் தளமான ஜெரிட்டில் மறுஆய்வு சுலபமாகும். அதே கோளாறு திரும்பி வந்தாலும் டெஸ்ட் கத்தும்.

கோளாறுகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் ‘ஃபிக்ஸ்டு’ என்று பார்த்ததும் உங்கள் கணினியில் தேடாதீர்கள். திருத்தம் முதலில் மாஸ்டர் கிளைக்குத்தான் (அடுத்த பதிப்புக்கான வேலை நடக்கும் நிரலுக்குத்தான்) போகும். எந்தப் பதிப்பில் வெளிவரும் என்பது ஒயிட்போர்டு வரியில் ‘டார்கெட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். லினக்ஸ் விநியோகங்களின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் பழைய எண்ணிலேயே நிற்பது வழக்கம் என்பதால், அவசரமென்றால் அன்றாட நிரலிலிருந்து தயாராகும் சோதனைப் பதிப்பான டெய்லி பில்டை இறக்கிச் சோதியுங்கள். தனி ப்ரொஃபைலில் ஓடுவதால் அன்றாட நிறுவலுக்கு ஆபத்தில்லை.