கச்சான் காற்றில் தக்காளி நாற்று விற்காத இடம்

திருகோணமலையில் முதன்முதலாகத் தக்காளி வளர்க்க நினைப்பவர் நாற்றை எங்கே வாங்குவது என்று கேட்டால், நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுப் பக்கம் இருக்கும் நாற்றுமேடையைத்தான் கைகாட்டுவேன். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிடுகுக் கொட்டகை, அதன்மேல் பச்சை நிழல்வலை, வாசலில் கத்தரியும் மிளகாயும் நிரம்பிய நாற்றுத் தட்டுகள். நடத்துபவர் வயதான ஐயா ஒருவர். பணத்தை வாங்கிக் கொப்பியில் எழுதுபவர் அவருடைய மருமகள்.

அந்த இடத்தை நான் நம்பத் தொடங்கியது, எனக்கு அங்கே நாற்று மறுக்கப்பட்ட நாளில். ஆடி மாதம். தக்காளி விலை ஏறிக் கிடந்த நேரம். தட்டில் நாற்று இருந்தும் ஐயா எடுத்துத் தரவில்லை. “பிள்ளை, இது மலைநாட்டுக்குப் போகிற ஒருவர் சொல்லிவைத்தது. உங்களுக்கு இப்போது வேண்டாம். கச்சான் காற்று அடங்கட்டும். கத்தரி கொண்டுபோங்கள், வெண்டி விதை தருகிறேன். தக்காளிக்குக் கார்த்திகையில் வாருங்கள்” என்றார். காசோடு நிற்பவரைத் திருப்பி அனுப்புகிற வியாபாரியைச் சந்தையில் எளிதில் காண முடியாது.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தக்காளிச் செடி வெயிலில் வளரும், ஆனால் வெக்கையில் காய்க்காது. பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மகரந்தம் கெடத் தொடங்குகிறது. இரவும் குளிராவிட்டால் பூ காயாக மாறாமல் காம்போடு உதிர்ந்துவிடும். நம் ஊரில் வைகாசி முதல் ஆவணி வரை பகலில் 34 பாகை என்பது சாதாரணம். அதோடு மேற்கிலிருந்து வரண்ட கச்சான் வேறு அடிக்கிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் மண்ணை விட்டுப் போய்விடும். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மஞ்சள் பூவாய்ப் பூத்து, அத்தனையும் கொட்டுவதைப் பார்த்துவிட்டுத் “தக்காளி நமக்குச் சரிவராது” என்று கையை உதறியவர்கள் என் அயலில் பலர். அவர்கள் கையில் குறையில்லை, நட்ட மாதம்தான் பிழை. மார்கழி, தை மாதங்களில் இதே முற்றத்தில் பகல் வெப்பம் 28 பாகையளவில் நிற்கும். அந்த நாட்களில் பூக்கிற செடிதான் நமக்குக் காய் தரும்.

2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அறிவிப்பு. குளிரான நுவரெலியாவில் இருப்பவருக்கும் நம் பக்கத்து உப்புவெளியில் இருப்பவருக்கும் ஜூன் மாதம் ஒன்றல்ல என்பதை யாரும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ பேர் அந்த வெக்கையில் ஆசையோடு தக்காளி விதை போட்டார்கள். பிறகு தோட்டம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்த ஐயாவைப் போல ஒருவர் அன்று பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சரி, கார்த்திகையில் போனால் என்ன கிடைக்கும்? இரண்டு வகை நாற்று வைத்திருக்கிறார். ஒன்று விவசாயத் திணைக்களத்தின் ‘திலின’, மற்றது வெளிநாட்டுக் கலப்பினம். கலப்பினத்தின் விலை இரட்டிப்பு. புதியவர்கள் திலினவை எடுங்கள் என்பது என் கருத்து. பற்றீரியா வாடல் நோயை அது ஓரளவு தாங்குகிறது. நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளவும் முடியும். கலப்பினத்தின் விதையை எடுத்துப் போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது.

நாற்றின் தரம் பற்றி நிறையச் சொல்லலாம். நகரில் ஒரு கடையில் விற்கும் தக்காளி நாற்றுகள் ஒரு முழ உயரம் இருக்கும். நுனியில் பூவும் விட்டிருக்கும். பார்க்க அழகு, ஆனால் தட்டுக்குள்ளேயே வயதுபோன நாற்று அது, நட்ட பிறகு எழும்பாது. இந்த ஐயாவிடம் இருப்பவை நான்கு, ஐந்து இலை விட்ட, ஒரு சாணுக்கும் குறைந்த நாற்றுகள். தண்டு கட்டையாக, அடிப்பக்கம் ஊதா படர்ந்திருக்கும். கேட்டால் தட்டிலிருந்து ஒன்றை உருவி வேரைக் காட்டுவார். வெள்ளை வேர் மண்ணைப் பிடித்திருக்கும், ஆனால் சுற்றிச் சுற்றி முறுகியிருக்காது. விற்பதற்கு முன் ஒரு வாரம் நிழல்வலையை விலக்கி வெயில் காட்டுகிறார். அதனால் வீட்டில் நட்ட அன்று நாற்று துவண்டு விழுவதில்லை.

நடும் முறையையும் அங்கேயே செய்துகாட்டுவார். கீழே உள்ள இரண்டு இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதியை மண்ணுக்குள் இறக்குகிறார். தண்டிலிருக்கும் மெல்லிய மயிர்களுக்கு அருகே சிறு புடைப்புகள் தெரியும், தடவினால் விரலுக்குப் படும். மண்பட்டால் அவை வேராகிவிடும். கத்தரியையோ மிளகாயையோ இப்படி ஆழமாக நடக் கூடாது. தக்காளிக்கு இதுதான் பலம், எங்கள் பக்க மணல் நிலத்தில் இரட்டிப்புப் பலம்.

அங்கே கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலையூற்றிலிருந்து வந்த ஒரு அக்கா, பச்சை மாறாமலே வாடிப்போன தக்காளிச் செடியொன்றை வேரோடு கொண்டுவந்திருந்தார். தண்ணீர் போதவில்லையா, பசளை கூடிவிட்டதா என்று கேட்டார். ஐயா பதில் சொல்லாமல் அடித்தண்டைச் சரிவாக வெட்டி, கண்ணாடிக் குவளையிலிருந்த தெளிந்த தண்ணீரில் முனை மட்டும் படும்படி பிடித்தார். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் ஒன்று கீழ்நோக்கி இறங்கியது. “வாடல் நோய், பிள்ளை. மருந்து இல்லை. மற்றச் செடிக்குப் பரவாமல் இதைப் பிடுங்கி எரியுங்கள். அந்த இடத்தில் கத்தரியும் மிளகாயும்கூட வேண்டாம், சோளமோ கீரையோ போடுங்கள்” என்றார். இதற்குக் காசு கேட்கவில்லை. அந்த அக்கா வெண்டி விதை வாங்கிக்கொண்டு போனார்.

இனிக் குறைகள். அவர் விற்கும் மண்கலவையில் தும்புத்தூள் அதிகம். தூக்க இலேசாக இருக்கும், தண்ணீரும் பிடிக்கும். ஆனால் செடிக்குத் தீனி போதாது. நான் அதில் பாதிக்குப் பாதி மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்துதான் பயன்படுத்துகிறேன். அவரிடமே எரு இருக்கிறது. சில வேளை அது முழுதாக மக்காமல் வருகிறது, கோரைக்கிழங்கும் சேர்ந்து வரும். கையில் எடுத்து மோந்து பார்த்து, சாணி மணம் இல்லாவிட்டால் மட்டும் வாங்குங்கள். கலவையோடு தரும் கறுப்புப் பொலித்தீன் பை தக்காளிக்குச் சின்னது. ஒரு செடிக்குப் பத்து, பதினைந்து லீற்றர் மண்ணாவது வேண்டும். பழைய பெயின்ற் வாளியின் அடியில் ஓட்டை போட்டாலே அந்தப் பையைவிட நல்லது. வெள்ளை வாளி என்றால் வேரும் சூடாகாது.

இணையத்தில் விற்கும் ‘தக்காளி வளர்ப்புப் பொதி’ ஒன்றையும் கொழும்பிலிருந்து என் தங்கை அனுப்பியிருந்தாள். ஐயாவின் ஒரு தட்டு நாற்றைவிடப் பல மடங்கு விலை. உள்ளே தும்புக்கட்டி ஒன்று, பிஞ்சுக் கைக்கடக்கமான பைகள், திகதி இல்லாத விதைப் பொட்டலம், ‘ஆண்டு முழுவதும் அறுவடை’ என்று அச்சிட்ட தாள். விதை பாதிகூட முளைக்கவில்லை. எந்த ஊரில், எந்த மாதத்தில் போட வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. தொடங்குகிறவருக்கு இப்படி ஒன்றை விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. முதல் முயற்சி தோற்றால் பலர் மறுபடி மண்ணைத் தொடுவதில்லை.

தண்ணீர் பற்றி ஐயா கேட்கும் முதல் கேள்வி, “கிணறா, குழாயா?” என்பது. கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் கோடை முடிவில் உப்பு ஏறிவிடும். இலை ஓரம் கருகினால் அதையும் சந்தேகிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கந்தளாய்ப் பக்கமிருந்து வருவது, அந்தக் கவலை இல்லை. எந்தத் தண்ணீரானாலும் ஒழுங்காக ஊற்ற வேண்டும். காயவிட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றினால் காயின் அடி கறுத்து அழுகும். அது பூச்சியல்ல, கல்சியம் காய்க்குப் போய்ச் சேராததன் விளைவு. முட்டைக்கோது போட்டால் உடனே சுகமாகும் என்று பலர் சொல்வார்கள். கோது கரைய மாதக்கணக்காகும், அதற்குள் போகமே முடிந்துவிடும். வைக்கோலோ காய்ந்த இலையோ போட்டு மண்ணை மூடி, ஈரம் ஒரே சீராக நிற்கும்படி பாருங்கள்.

மார்கழி அடைமழைக்கு அவர் சொல்லும் வழி எளிது. சாடிகளைக் கூரைத் தாழ்வாரத்தின் ஓரம், வெயில் படும் பக்கமாக வையுங்கள். இலை நனைந்துகொண்டே இருந்தால் கருகல் நோய் வரும். தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். பூத்த பிறகு, காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் அந்த அதிர்வே போதும்.

நகருக்குள் இருப்பவர்களுக்கு அவரிடமும் மருந்தில்லாத ஒரு தொல்லை இருக்கிறது, மான்கள். பிரட்றிக் கோட்டையிலிருந்து டைக் வீதி வரை உலாவும் புள்ளிமான்கள் இரவில் முற்றத்துக்குள் வந்தால் இளந்தளிரை விட்டுவைப்பதில்லை. வலை கட்டுங்கள், அல்லது சாடியை மாடிக்கு ஏற்றுங்கள். அவற்றை விரட்டக் கல்லெடுக்காதீர்கள், கடற்கரையில் பொலித்தீனைத் தின்று அலைகிற பாவப்பட்ட உயிர்கள்.

நாற்று ஒன்று 20 ரூபாய், கலப்பினம் 40. பத்துக்கு மேல் எடுத்தால் ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துத் தருவார். பற்றுச்சீட்டு இல்லை, அட்டையும் எடுக்கமாட்டார்கள், சில்லறைக் காசோடு போங்கள். நிலாவெளி பஸ்ஸில் ஏறி, சாம்பல்தீவுப் பாலம் கடந்ததும் இறங்கி, நாற்றுமேடை எங்கே என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு நல்ல தட்டுகள் தீர்ந்துவிடும். மழைவிட்ட மறுநாள் கூட்டம் அதிகம். வேலைநாளில் போனால், ஐயாவுக்கு உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும்.