தேய்ந்த அச்சா, வார்ப்புப் போலியா: வெள்ளி ரூபாயைச் சோதிக்கத் தராசும் லென்ஸும்

விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த 1862ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயைச் சேகரிப்பவர்கள் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கூந்தல் வரிகள் மங்கி, எழுத்துகள் தடித்து, பூவேலை பாதி கரைந்ததுபோல் இருக்கும் காசு, அடித்து அடித்துத் தேய்ந்துபோன அச்சிலிருந்து, அதாவது காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகு முத்திரையிலிருந்து, வெளிவந்த உண்மையான நாணயமா, அல்லது வேறொரு காசை மாதிரியாக வைத்து உருக்கி வார்த்த போலியா? அந்த நாணயத்தில் 1862 என்ற ஆண்டே 1874இல் ஆண்டை மாற்றிப் பொறிக்கத் தொடங்கும் வரை தொடர்ந்தது. அத்தனை ஆண்டுகளின் உற்பத்தியும் ஒரே தேதியைத் தாங்கி நிற்பதால், புத்தம்புதிய அச்சில் அடித்த கூர்மையான காசும், ஆயுள் முடியும் தறுவாயிலிருந்த அச்சில் அடித்த மங்கலான காசும் இன்று ஒரே தட்டில் விற்பனைக்கு வருகின்றன. மங்கலாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றைப் போலி என்று ஒதுக்கினால், நல்ல காசுகளை இழப்போம்.

சோதிக்கும் வழிகளில் காந்தம் இரும்பு கலந்த மட்டமான போலியை மட்டுமே காட்டிக் கொடுக்கும். சுண்டி ஓசை கேட்பது பழைய வழக்கம்தான். ஆனால் கழுத்தில் அணிய வளையம் பற்றவைத்துக் கழற்றிய உண்மையான காசும் மந்தமாக ஒலிக்கும். நகைக்கடையில் உள்ள காரட் மீட்டர் மேற்பரப்பின் கலவையைத்தான் படிக்கிறது. தடிமனாக வெள்ளி முலாம் பூசியிருந்தால் அது ஏமாறக்கூடும். உண்மையான போட்டி தராசுக்கும் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸுக்கும் இடையில்தான். இரண்டையும் பயன்படுத்தி வரும் நான், இயந்திரத்தில் அடித்த ரூபாய்களைப் பொறுத்தவரை லென்ஸையே நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

தராசின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1835 முதல் வெளிவந்த ஒருசீரான ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 விழுக்காடு. அதன் ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, ஏறத்தாழ 10.3. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசின் மீது தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் தொடாதபடி நீரில் முழுக்கினால், தேயாத ரூபாய்க்கு 1.13 கிராம் அளவில் காட்ட வேண்டும். அதே எடையுள்ள செம்பு-நிக்கல் போலி என்றால் 1.3க்கு மேல் காட்டும். காசு புழக்கத்தில் தேய்ந்து எடை குறைந்திருந்தாலும், அதன் எடையை நீர் காட்டும் அளவால் வகுத்தால் வரும் ஒப்படர்த்தி மாறாது. மலிவான உலோகத்தில் செய்தவற்றைப் பிரித்தெடுக்க இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

ஆனால் போலி செய்பவர் நல்ல வெள்ளியையே பயன்படுத்தினால் தராசு கைவிரித்துவிடும். அரிய ஆண்டுக்கும் அரிய வகைக்கும் வெள்ளியின் விலையைவிடப் பல மடங்கு கிடைக்கும்போது, அவர் வெள்ளியில் சிக்கனம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பம்பாயில் அச்சான 1939ஆம் ஆண்டு ரூபாய் அரிதானது என்பதால், 1938ஆம் ஆண்டு ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி ஒன்பதாக்குவார்கள். அந்தக் காசின் எடையும் வெள்ளியும் முற்றிலும் சரியாகவே இருக்கும். தராசு உலோகத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்த உலோகம் எந்த வழியில் இந்த வடிவத்தை அடைந்தது என்பதைக் காசின் முகம்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு விடை தரும் ஒரே கேள்வி, குறை மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்பதே. எஃகு அச்சு பழுதாகும்போது அதில் குழியும் வெடிப்பும் விழுகின்றன; ஒவ்வொரு அடியிலும் வெள்ளி அந்தக் குழிக்குள் ஏறுவதால், காசில் அவை மேடுகளாகத் தெரிகின்றன. அச்சில் ஓடிய வெடிப்பு காசில் மெல்லிய உயர்ந்த கோடாகவும், துருப்பிடித்த அச்சின் அரிப்பு சிறு மணிகளாகவும் எழுந்து நிற்கும். வார்ப்பில் நடப்பது வேறு. உருகிய வெள்ளியில் சிக்கிய காற்றுக் குமிழிகள் குளிர்ந்த பின் மேற்பரப்பில் சிறு துளைகளாகத் தங்கிவிடுகின்றன. எழுத்தின் அடிவாரத்திலும், கழுத்தின் வெட்டு விளிம்பிலும், படமற்ற வெற்றுப் பரப்பிலும் லென்ஸை நிதானமாக நகர்த்தினால், ஊசி குத்தியதுபோன்ற அந்தத் துளைகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது உலோகம் ஓடிய தடம். அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவுகிறது. அந்த உராய்வு அச்சின் முகத்தில் நுண்ணிய கீறல்களை உண்டாக்க, அவை அடுத்தடுத்த காசுகளில் ஆரைக் கோடுகளாகப் பதிகின்றன. எழுத்துகளின் வெளிப்புறக் கால்கள் விளிம்பை நோக்கி இழுபட்டிருப்பதும் இதனால்தான். அதிகம் புழங்காத காசு என்றால், விவரம் மங்கியிருந்தாலும் விளக்கொளியில் சாய்த்துச் சுழற்றும்போது ஒளி சக்கரம்போல் சுற்றிவரும். மங்கலான படமும் உயிருள்ள பளபளப்பும் ஒரே காசில் சேர்ந்திருந்தால், அது தேய்ந்த அச்சின் பக்கம் பேசும் வலுவான சாட்சி. வார்ப்புக் காசில் இந்தக் கோடுகள் மழுங்கி, பரப்பு மணல்மணலாகவோ சோப்புக்கட்டிபோல் வழுவழுப்பாகவோ இருக்கும். செதுக்கிய 1939இல் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் கோடுகள் அறுந்து கிடக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தேய்ந்த அச்சில் அடித்த காசையே மாதிரியாக வைத்து வார்த்திருந்தால், அதிலிருந்த வெடிப்புக் கோடும் போலியில் வந்துவிடும். ஆகவே மேடு ஒன்றைக் கண்டதும் முடிவுக்கு வரக்கூடாது. இரண்டு காசுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இதற்குப் பெரிதும் உதவும். ஒரே இடத்தில் ஒரே மேடு இரண்டிலும் இருந்தால், இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவையாக இருக்கலாம். அடிபட்ட வடு ஒரே வடிவில் ஒரே இடத்தில் இரண்டிலும் இருந்தாலோ, குறைந்தது ஒன்றாவது நகல் என்று கொள்ள வேண்டும். ஏனெனில் புழக்கத்தில் படும் காயம் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியானது.

இவை அனைத்தையும்விட நான் அதிக நேரம் செலவிடுவது விளிம்பில்தான். விளிம்பு வரிகளை உருவாக்குவது முகத்தின் அச்சு அல்ல. அடிக்கும்போது காசைச் சுற்றிப் பிடித்திருக்கும் தனி வளையம். முக அச்சு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அந்த வளையம் நன்றாக இருந்தால் வரிகள் செங்குத்தாகவும் சீரான இடைவெளியிலும் இருக்கும். முகம் மங்கி விளிம்பு கூர்மையாக இருக்கும் காசை நான் தயங்காமல் வாங்குவேன். முகத்தைப் போலவே விளிம்பும் குழைந்திருந்தாலோ, சுற்றிலும் மெல்லிய இணைப்புக் கோடு ஓடினாலோ, அதை மறைக்க அரம் போட்டிருந்தாலோ விலகிவிடுவேன்.

நம் ஊர்க் காசுகளில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. கழுத்தில் அணிவதற்காக வளையம் பற்றவைத்த ரூபாய்கள் ஏராளம். வளையத்தை நீக்கிய இடத்திலும் அரத்தின் தடம் இருக்கும். உருகிய வெள்ளியை ஊற்றிய வாயை அராவிய இடமும் அதேபோல் ஒற்றைத் தடமாகத் தெரியலாம். பற்றுப்பொடியின் கறை விளிம்பைத் தாண்டி இரு முகங்களுக்கும் பரவியிருந்தால் வளையத்தின் தடம் என்று கொள்கிறேன். கறையே இல்லாதபோது விளிம்பை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. உயர்தர எஃகு அச்சு செய்து நல்ல வெள்ளியில் அழுத்தி அடிக்கும் நவீனப் போலிகளை நான் கையில் எடுத்துப் பார்த்தது மிகக் குறைவு. அவற்றில் குமிழித் துளை இருக்காது என்பதால், விலை உயர்ந்த காசை அனுபவமுள்ள நாணயவியலாளரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆற்காட்டு ரூபாய் போன்ற, கையால் சம்மட்டி கொண்டு அடித்த காசுகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அங்கே விளிம்பு வளையம் இல்லை. அச்சைவிடக் காசு சிறியது என்பதால் எழுத்துகளும் பாதிதான் விழும். ஆனால் அந்தக் காசுகளின் மதிப்பே எடையில் நின்றதால் வெள்ளித் துண்டுகளை எடை பார்த்தே வெட்டினார்கள். காசு சோதித்து மாற்றும் வணிகர்களான செராப்புகள் சோதித்துக் குத்திய முத்திரைகள் உள் உலோகத்தையும் திறந்து காட்டுகின்றன. அவற்றை வாங்கும்போது தராசையே முதலில் எடுக்கிறேன். லென்ஸ் அந்தக் குத்துக்குழிகளின் அடியில் செம்பு தெரிகிறதா என்று பார்ப்பதற்குப் பயன்படுகிறது.