ஆறு வருஷமாக ஒரே கப்பலுக்குக் கவசம் போடுகிறேன்

"மச்சான், அந்தக் கப்பல் டிசைன் சாஃப்ட்வேர் இன்னும் வச்சிருக்கியா? பையன் கேட்குறான், போட்டுக் கொடுக்கலாமா?" என்று போன வாரம் நண்பன் மெசேஜ் போட்டிருந்தான். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள் ராத்திரிதான் என்னுடைய பதினான்காவது டிசைன் வீணாய்ப் போயிருந்தது. இருந்தாலும் ஆறு வருஷம் புழங்கியவன் என்ற முறையில் முழுசாகவே எழுதுகிறேன்.

அறிமுகம் அதிகம் வேண்டாம். நீளம், அகலம், பீரங்கி, கவசம், வேகம் எல்லாவற்றையும் கட்டங்களில் நிரப்பினால், அந்தக் காலத்து எஃகையும் பாய்லரையும் வைத்து அப்படி ஒரு கப்பல் மிதக்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும். இலவசம். பார்க்கப் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் இதில் செய்வது ஒரே வேலை: 1906-ல் கட்டத் தொடங்கிய பிரிட்டிஷ் பேட்டில்க்ரூஸர் (பெரிய பீரங்கியும் வேகமும் உண்டு, கவசம் குறைவு என்ற வகைப் போர்க்கப்பல்) இன்வின்சிபிளுக்கு நல்ல கவசம் போடுவது. 17,250 டன், எட்டு 12 அங்குலப் பீரங்கி, 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) வேகம். பக்கக் கவசம் மட்டும் வெறும் 6 அங்குலம். 1914 டிசம்பரில் ஃபாக்லாந்து தீவுகள் பக்கத்தில் ஜெர்மன் அட்மிரல் ஷ்பேயின் கப்பல்களைத் துரத்தி மூழ்கடித்ததில் இதற்கும் பங்கு உண்டு. (மெட்ராஸ் மேல் குண்டு போட்ட எம்டன் அதே ஷ்பேயின் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல்தான்.) 1916 மே 31, பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாண்ட் சண்டையில் நடுவிலிருந்த 'க்யூ' பீரங்கிக் கோபுரத்தில் ஒரு குண்டு விழுந்து, வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, கப்பல் இரண்டாகப் பிளந்தது. 1,026 பேர் போனார்கள். பிழைத்தவர்கள் ஆறு பேர். அந்த இடத்தில் கடலின் ஆழம் கப்பலின் நீளத்தைவிடக் குறைவு. அதனால் முன்பாதியும் பின்பாதியும் தரையில் ஊன்றி, நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அந்தப் போட்டோவைப் பார்த்தது முதல் இந்தக் கப்பல் என்னை விடவில்லை.

சாஃப்ட்வேரின் பெரிய அழகு, ஒவ்வொரு அங்குலத்துக்கும் விலை சொல்வது. நோட்டுப் புத்தகத்தில் நானே போட்டுச் சரிபார்த்தேன். ஒரு சதுர அடி எஃகுத் தகடு, ஒரு அங்குலத் தடிமன் என்றால் 40.8 பவுண்டு. 400 அடி நீளம், 11 அடி உயரம், இரண்டு பக்கம் என்று வைத்தால் 8,800 சதுர அடி. அதாவது ஒரு அங்குலம் கூட்டினால் 160 டன். 6 அங்குலத்தை 10 ஆக்க 640 டன். 'அவ்வளவுதானா' என்று முதல் நாள் எனக்கும் தோன்றியது. அந்த 640 டன்னைத் தாங்க உடல் பெருக்க வேண்டும், பெருத்த உடலை அதே வேகத்தில் தள்ளக் கூடுதல் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு இடம் வேண்டும், இடத்துக்காக நீளம் கூடும், கூடிய நீளத்துக்கும் கவசம் வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் இந்தச் சங்கிலி இழுபடுவதைப் பார்ப்பதில் கிடைக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எரிச்சலும் இதே இடத்தில்தான். கப்பலின் நீளத்தை மாற்றினால் பக்கக் கவசத்தின் நீளம் கூடவே மாறாது! பழைய எண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். கட்டம் சிவப்பாகாது, எச்சரிக்கை வராது. கடைசியில் வரும் அறிக்கையில், பீரங்கி எடைக்கும் நிலக்கரிக்கும் கீழே, கவசம் கப்பலின் எத்தனை சதவீதத்தை மூடுகிறது என்று ஒரே ஒரு வரி. பதினான்காவது டிசைனில் மூன்று வாரம் உழைத்து, 9 அங்குலக் கவசத்தோடு 25 நாட்டை எட்டி, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அறிக்கையைப் படிக்கிறேன்: முன் கோபுரத்தின் வெடிமருந்துக் கிடங்குக்கு நேராக 30 அடி வெறும் தகடு. எந்த இடத்துக்காக இந்தப் பாடெல்லாம் பட்டேனோ அந்த இடமே திறந்து கிடந்தது. ஆறு வருஷத்தில் இப்படி நடப்பது நாலாவது தடவை.

நியாயமாகச் சொன்னால், சாஃப்ட்வேரின் கணக்கு தப்பில்லை. 17,250 டன்னுக்குள் நின்று 10 அங்குலம் வேண்டுமா, வேகத்தை 22 நாட்டுக்கு இறக்கு என்கிறது. வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப இன்ஜின் சக்தி மாறும் என்பதால் 41,000 குதிரைசக்தி 28,000-க்கு வந்து, ஆயிரம் டன்னை ஒட்டி மிச்சமாகும். ஆனால் 22 நாட்டில் ஓடுவதற்கு, 11 அங்குலக் கவசமும் பத்துப் பீரங்கியும் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் ட்ரெட்நாட்டே 21 நாட்டில் இருக்கிறதே! இன்னொரு வழியை ஜெர்மன்காரர்கள் 1908-ல் கட்டத் தொடங்கிய ஃபொன் டெர் டான் என்ற பேட்டில்க்ரூஸரில் காட்டிவிட்டார்கள். 250 மில்லிமீட்டர் (சுமார் 10 அங்குலம்) கவசம், பீரங்கியை 28 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள், எடை இரண்டாயிரம் டன் கூடுதல். ட்ரயலில் 27 நாட்டைத் தாண்டியது. ஜட்லாண்டில் பிரிட்டிஷ் பேட்டில்க்ரூஸர் இன்டிஃபாட்டிகபிளை வெடிக்க வைத்தது இந்தக் கப்பல்தான். என் டிசைன்களில் உருப்படியாக வந்தவை எல்லாமே இதன் சாயலில் வந்து நிற்கின்றன.

எனக்கு ஆறவே ஆறாத ஒரு குறை இருக்கிறது. பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்தான கார்டைட்டுக்கு இதில் கட்டமே கிடையாது. பிரிட்டிஷ் கப்பல்களில் கார்டைட்டைப் பட்டுப் பைகளில் வைத்திருந்தார்கள். வேகமாகச் சுட வேண்டும் என்று கிடங்குக் கதவுகளைத் திறந்தே போட்டிருந்தார்கள். கோபுரத்தில் பிடித்த தீ நேராகக் கீழே இறங்கியது. அதே நிலைமை 1915 ஜனவரியில் டாக்கர் பேங்க் சண்டையில் ஜெர்மன் ஸைட்லிட்ஸுக்கும் வந்தது. பின்பக்கக் கோபுரங்கள் இரண்டும் எரிந்தன, கிடங்குகளில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் கப்பலைக் காப்பாற்றினார்கள். பிறகு ஜெர்மன்காரர்கள் வெடிமருந்தைக் கையாளும் முறையை இறுக்கினார்கள். மறுவருஷம் ஜட்லாண்டில் அடிமேல் அடி வாங்கி, 5,000 டன்னுக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு அது வீடு போய்ச் சேர்ந்தது. ஜட்லாண்டில் பிரிட்டிஷ் கப்பல் லயன் தப்பியதும் கிடங்கில் தண்ணீரை விட்டுத்தான். செத்துக்கொண்டிருந்த மேஜர் ஹார்வி கிடங்கில் தண்ணீரை நிரப்பச் சொன்னார். ஒரு கதவின் எடை ஒரு டன்கூட இருக்காது. நான் 640 டன்னை எங்கே வைப்பது என்று ஆறு வருஷமாகத் தவிக்கிறேன், அந்தக் கதவை மூட இந்தத் திரையில் ஓர் இடம் இல்லை.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: பையனுக்குப் போட்டுக் கொடுக்காதே. பப்ளிக் எக்ஸாம் வருஷம், மூன்று வாரத்தை ஒரு வரி விழுங்கிவிடும். இத்தனை பாராட்டிவிட்டு வேண்டாம் என்கிறானே என்று நினைப்பாய். இன்று கேட்டால் இதுதான் பதில்.

மீறிப் போட்டுவிட்டால், நீளத்தைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் பக்கக் கவசத்தின் நீளக் கட்டத்துக்குப் போய்க் கையால் மாற்றச் சொல். நான் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். பதினைந்தாவது ஃபைலுக்கு அது 412 அடி.