சாதா டிவியா, நெட் கொடுக்காத ஸ்மார்ட் டிவியா, மானிட்டரா?

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் என்று எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் முதலில் காட்டுவது ஸ்மார்ட் டிவிதான். ஆனால் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. ஸ்விட்சைப் போட்டதும் செய்தியோ சீரியலோ ஓடினால் அவர்களுக்குப் போதும்.

ஸ்மார்ட் டிவிக்கு நெட் கொடுத்தாலும் செட்டாப் பாக்ஸில்தானே பார்க்கிறோம், நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 1.1 கோடி டிவிகளில், வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதை அனுமதி இல்லாமல் சேகரித்ததாக அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனத்தின் மேல் வழக்கு வந்து, 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. திரையில் ஓடும் படத்தையே டிவி அடையாளம் காண்கிறது, அதனால் கேபிளில் வருவதும் அதில் அடக்கம்.

32 இஞ்ச் போதும் என்றால் யோசிக்காமல் சாதா எல்இடி டிவி வாங்குங்கள். டிடி ஃப்ரீ டிஷ், கேபிள், பென் டிரைவ் எல்லாம் ஓடும், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர் சொருகும் பழைய பாக்ஸ்கூட பெரும்பாலும் ஒத்துவரும். படத் தரம் சுமார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

43 இஞ்சுக்கு மேல் சாதா டிவி கிடைப்பது அபூர்வம். அங்கே ஸ்மார்ட் டிவியை வாங்கி நெட் கொடுக்காமல் வைப்பதே என் கணக்கில் சரியான வழி. கூகுள் டிவி மாடல் என்றால், முதல்முறை ஆன் செய்யும்போதே பேசிக் டிவி என்று ஒரு வழி கேட்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் ஆப் எதுவும் இல்லாமல் சாதா டிவி மாதிரி ஓடும். மற்ற மாடல்களில் வைஃபை கேட்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். மாட்ட வருகிற தம்பி 'ஹாட்ஸ்பாட் போடுங்க, செட் பண்ணித் தர்றேன்' என்பார். அன்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் எல்லா ஒப்புதல் கட்டத்திலும் டிக் விழுகிறது.

மானிட்டர் ஒற்றை ஆளுக்குச் சரி. பெரும்பாலானவற்றில் சேனல் சிக்னலைப் பிடிக்கும் ட்யூனர் கிடையாது, பலவற்றில் ஸ்பீக்கரும் கிடையாது, ஹெச்டிஎம்ஐ இல்லாத பாக்ஸை நேராகச் சொருக முடியாது. ஆத்தாவுக்கு இது ஆகாது. ஹோட்டல், கடைகளில் மாட்டும் டிஸ்ப்ளே வீட்டுக்கு வீண் செலவு.

துபாயிலிருந்து கொண்டுவரலாமே என்பவர்களுக்கு: 2013 முதல் பிளாட் டிவிக்கு ஏர்போர்ட்டில் வரிச்சலுகை கிடையாது, வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது.

அப்புறம், ஸ்மார்ட் டிவியை எடுக்கும் முன் கடையிலேயே ரிமோட்டை வாங்கி, ஆன் செய்ததும் கடைசியாகப் பார்த்த இன்புட்டுக்கே போகிற செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மாடலை எடுத்தால், நெட் இல்லாவிட்டாலும் ஆத்தா ஒவ்வொரு முறையும் முகப்புப் பக்கத்தைத் தாண்டித்தான் சன் டிவிக்கு வர வேண்டியிருக்கும்.