சுங்கை சிப்புட் கேக் சாமான் கடை: 100 கிராம் கேட்டாலும் நிறுத்துக் கொடுக்கிற இடம்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலோ ஆலையிலோ வேலைக்கு வந்து, குவாட்டர்ஸில் ஒரு கேஸ் அடுப்பும் சின்ன மேசை ஓவனும் வைத்துக்கொண்டு தானே சமைத்துச் சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் சரி, முதல் சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு நடை போய்வர வேண்டிய கடை இது. மார்க்கெட்டை ஒட்டிய கடைவீட்டு வரிசையில் இருக்கிறது. மலாயிலும் சீனத்திலும் எழுதிய பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துக் கிடப்பதால் பெயரைத் தேடிப் பயனில்லை, கேக் சாமான் கடை எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். முதலாளிகள் ஒரு சீனத் தம்பதி. முன்னால் நின்று வியாபாரம் பார்ப்பது பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிற ஓர் அக்கா. தமிழ், மலாய், சீனம் மூன்றும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நான் தூத்துக்குடிக்காரன், இங்கே செம்பனை (பாமாயில்) ஆலையில் வேலை. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பேக்கரி, சாயங்காலம் ஆனால் பன் வாசனை. இங்கேயும் ரொட்டிக்குப் பஞ்சமில்லை, பேராக் பக்கம் கிடைக்கிற பெங்காலி ரொட்டியைக் கறியில் தோய்த்துத் தின்றால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் தேங்காய் பன், மக்ரூன், ஈரமில்லாத டீ கேக் என்று நாக்கு கேட்கும்போது நாமேதான் செய்துகொள்ள வேண்டும். சாமான் வாங்க ஈப்போவில் பெரிய பேரங்காடிகள் இருக்கின்றன, எல்லாமே கிடைக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் என்னவென்றால் அங்கே எல்லாம் கிலோக் கணக்கில். தனி ஆள் ஒரு கிலோ மாவைப் பிரித்து வைத்தால் இந்த ஈரக்காற்றில் மூன்றாம் வாரம் வண்டு வந்துவிடும். கோகோ, பாதாம், உலர்திராட்சை எல்லாம் அதே கதை. இந்தக் கடையில் அந்தத் தொல்லை இல்லை. மூட்டையிலிருந்து அள்ளி, தராசில் வைத்து, பையின் வாயைச் சூட்டு இயந்திரத்தில் ஒரு அழுத்து அழுத்தி ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். 100 கிராம் முந்திரி கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது, எதையும் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அக்கா கேட்கிற கேள்வி. "என்ன செய்யப் போறீங்க தம்பி, ரொட்டியா கேக்கா?" இந்தக் கேள்வியின் அருமை, நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே மைதா என்றால் ஒரே மைதா, பரோட்டாவுக்கும் அதுதான் கேக்குக்கும் அதுதான். இங்கே வெள்ளைக் கோதுமை மாவே மூன்று நான்கு மூட்டைகளில் வரிசையாக நிற்கிறது, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எல்லாம் புரதத்தில் இருக்கிறது. ரொட்டி மாவில் 12 சதவீதம், அதற்கு மேலும் இருக்கும். சாதாரண மாவில் 10, 11. கேக் மாவில் 8, 9தான். தண்ணீர் விட்டுப் பிசையும்போது அந்தப் புரதம்தான் குளூட்டனாகிறது, ஈஸ்ட் விடுகிற காற்றை அடக்கி வைத்துக்கொள்வது அதன் வேலை. பன்னுக்கு அது வேண்டும். கேக்குக்கு அதிகமானால் துண்டு வெட்டும்போதே ரப்பர் மாதிரி இழுக்கும். பரோட்டாவுக்குச் சாதாரண மாவே போதும், வீண் செலவு செய்ய வேண்டாம். பேக்கிங் பவுடர் கலந்தே வருகிற மாவும் அதே வரிசையில் இருக்கிறது. அதைச் சப்பாத்திக்கு வாங்கிப் போகப் பார்த்த ஒரு பையனை அக்கா தடுத்து நிறுத்தி மாவை மாற்றிக் கொடுத்ததை நானே பார்த்தேன். பேரங்காடித் தட்டு இதையெல்லாம் கேட்குமா?

தேங்காய் பன் செய்ய நினைப்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அரை கிலோ ரொட்டி மாவு, 250 மில்லி பால், ஒரு முட்டை, 60 கிராம் சீனி, 50 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் உப்பு. ஈஸ்ட் இங்கே 11 கிராம் சின்னப் பாக்கெட்டாக வருகிறது, அதில் பாதி. வெளிநாட்டுச் சமையல் குறிப்பு எல்லாம் வெதுவெதுப்பான பால் விடு, கதகதப்பான இடத்தில் வை என்று சொல்லும். இந்த ஊரில் வீடே கதகதப்பு, நடுப்பகலில் 32, 33 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே விட்டுப் பிசையுங்கள். இல்லாவிட்டால் மாவு முக்கால் மணி நேரத்தில் பொங்கி நின்று, சுட்ட பிறகு புளித்த வாடை அடிக்கும். மீதி ஈஸ்டை மடித்து, கிளிப் போட்டு, டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதும் அக்கா சொன்னதுதான். உள்ளே வைக்கத் துருவிய தேங்காய்க்கு இந்த ஊரில் அலைய வேண்டியதே இல்லை, மார்க்கெட்டில் கண் முன்னால் துருவிக் கொடுக்கிறார்கள். அதோடு வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்காவைச் சீவிப் போட்டுப் பாருங்கள். தூத்துக்குடியில் கருப்பட்டி தின்று வளர்ந்தவன் சொல்கிறேன், அது தென்னையிலிருந்து வருவது என்றாலும் நாக்குக்கு நெருங்கிய சொந்தம்.

வெண்ணெய் விஷயத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஃபிரிட்ஜில் மஞ்சள் மஞ்சளாய் அடுக்கியிருப்பதில் பாதிதான் வெண்ணெய். மற்றவை தாவர எண்ணெயில் செய்த மார்ஜரின், அல்லது வெண்ணெயும் தாவரக் கொழுப்பும் கலந்தது. விலையைப் பார்த்தே ஓரளவு தெரிந்துவிடும், பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படித்தால் முழுக்கத் தெரியும். நான் மார்ஜரினுக்கு எதிரி இல்லை. எங்கள் ஆலையில் குலைகளை நீராவியில் அவித்துப் பிழிகிறபோது வருகிற எண்ணெய் கரோட்டின் காரணமாகச் செக்கச் சிவந்திருக்கும். அதைச் சுத்திகரிக்கிற இடத்தில் நிறமும் வாடையும் போய்விடும், அப்புறம் அதைப் பிரித்து, திரவப் பகுதியைச் சமையல் எண்ணெயாகவும், கெட்டிப் பகுதியை மார்ஜரின், ஷார்ட்டனிங் (வனஸ்பதி மாதிரியான கொழுப்பு) போன்றவற்றுக்கும் கொண்டுபோகிறார்கள். அந்தக் கெட்டிக் கொழுப்பு இந்த வெக்கையைத் தாங்கும். வெண்ணெய் தாங்காது, 30 டிகிரி தாண்டினாலே குழைந்து ஓடும். அதனால் பிஸ்கட்டில் வெண்ணெய்க்குள் கொஞ்சம் மார்ஜரின் கலப்பது இங்குள்ள வீட்டுப் பெண்கள் அனுபவத்தில் கண்ட வழி, அதில் தப்பே இல்லை. டீ கேக்குக்கு மட்டும் நான் முழு வெண்ணெய்தான் போடுவேன், அந்த வாசனைக்கு மாற்று கிடையாது.

பால் டின்னும் இப்படித்தான். இங்கே டீக்கடையில் ஊற்றுகிற இனிப்புப் பால் பெரும்பாலும் கிரீமர், அதாவது சீனி, பால் திடப்பொருள், பாமாயில் சேர்ந்தது. டீக்கு அருமையாக இருக்கும். அதை வைத்துத் திடீர் பால்கோவா கிளறினால் திரளாமல் எண்ணெய் கக்கிக்கொண்டு கிடக்கும். முழுப் பாலில் செய்த கண்டென்ஸ்டு மில்க் வேண்டும் என்று கேட்டால் பின்னறையிலிருந்து எடுத்துத் தருகிறார்கள், விலை கூட, ஆனால் கொடுக்கலாம்.

இனி மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இந்த மூன்றுக்குமேல் எதுவும் இல்லாத பலகாரம், அதனாலேயே மூன்றும் சுத்தமாக இருந்தாக வேண்டும். முட்டையை எண்ணிக்கையில் போடாதீர்கள். மலேசியாவில் முட்டைக்கு எடை வைத்துத் தரம் பிரித்திருக்கிறார்கள், ஏ தரம் என்றால் 65 கிராமுக்கு மேல், சி தரம் 55லிருந்து 60க்குள். நம் ஊர் முட்டைக் கணக்கில் எழுதிய குறிப்பை ஏ தரத்தில் செய்தால் வெள்ளைக்கரு கூடிப்போய்க் கலவை இளகிவிடும். வெள்ளைக்கருவை நிறுத்துக்கொள்வதே நல்லது. இந்தக் கடையில் ஒரு கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது, இங்கே நான் வாங்கியவற்றில் அதிகம் பயன்படுவது அதுதான். ஓவனில் 110 டிகிரி அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து, அணைத்த பிறகும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆற விட வேண்டும். வெளியே எடுத்துத் தட்டில் பரப்பினால் அவ்வளவுதான், ஒரு மழை பெய்து ஓய்வதற்குள் பிசுபிசுத்துப் போகும். சிவப்பு மூடி போட்ட பலகார டப்பாக்கள் வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள், தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இந்த நாட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே டப்பா. மூடியை இறுக்கித் திருகினால் மக்ரூன் வாரக்கணக்கில் மொறுமொறுவென்று நிற்கிறது. ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு நம்பிக்கையே வரவில்லை, படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

மேசை ஓவனும் இரண்டு மூன்று வகை விற்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் இரண்டு விஷயம் முக்கியம். சிரிம் முத்திரை, அதாவது மலேசியத் தர நிறுவனத்தின் முத்திரை, இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் 2000 வாட் ஓவன் இங்குள்ள 230 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பழைய குவாட்டர்ஸ் வயரிங்கில் ரைஸ் குக்கரோடு ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டவே கூடாது. நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். ஓவனுக்குள் தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்றும் சேர்த்து வாங்கினால், திருகில் 180 என்று இருக்கும்போது உள்ளே உண்மையில் எவ்வளவு என்று தெரியும். என் ஓவனில் 20 டிகிரி வித்தியாசம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கடையில் பிரித்து ஒட்டுகிற பைகளில் பெயரும் விலையும் இருக்கிறதே தவிரத் தேதி இல்லை. மாவுக்குப் பரவாயில்லை, சீக்கிரம் ஓடிவிடுகிற சரக்கு. முந்திரி, பாதாம், வால்நட்டுக்கு இது சரியில்லை, சிக்கெடுத்துப் போயிருந்தால் வீட்டில் பிரித்த பிறகுதான் மூக்குக்குத் தெரியும். கேட்டால் மூட்டையைக் காட்டுகிறார்கள், ஒன்றிரண்டு வாயில் போட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள், ஆனால் எல்லாரும் கேட்பார்களா? ஒரு சின்னச் சீட்டில் தேதி எழுதி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இதை முதலாளி அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன், தலையாட்டினார். அடுத்தது சாக்லெட் கட்டிகள். வாசல் பக்கத் தட்டில் வெயில் படுகிற இடத்தில் வைத்திருப்பதால் மேலே வெள்ளை பூத்துப் போகிறது. தின்ன ஒன்றும் கெடுதல் இல்லை, உருக்கி வார்க்கிறவர்களுக்குத்தான் தொல்லை. உள்ளே குளிர்ச்சியில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். உளுந்து, இட்லி அரிசி, பெருங்காயம் எல்லாம் இங்கே கிடையாது, அதற்கு நம்மவர்கள் மளிகைக் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு சமயம் அச்சு முறுக்கு அச்சை இணையத்தில் ஒரு கடையிலிருந்து வரவழைத்தேன், கைப்பிடி ஆடிக்கொண்டே வந்தது, திருப்பி அனுப்பும் செலவு அச்சின் விலையைத் தாண்டியது. அதன் பிறகு இங்கேதான். பித்தளை அச்சு, கனமாக, கையில் பிடித்தாலே நம்பிக்கை வருகிறது. அதை நான் தேர்ந்தெடுக்கும்போது பின்னால் வரிசையில் நின்ற ஒரு பாட்டி, ஆர்டருக்குப் பலகாரம் செய்து விற்கிறவர் போல, கையில் பத்துக் கிலோ அரிசி மாவு, என் கையிலிருந்த அச்சை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு ஐயா. மொதல்ல எண்ணெயிலயே போட்டு நல்லா காய வை, அப்புறம் மாவுல முக்கு, மேல் விளிம்பு முங்காம முக்கு, முங்குனா கழண்டு வராது" என்றார். அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சீனி. தேங்காய்ப் பால் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மாவு கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லிசாகப் படிகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாட்டி அதையும் விரலைக் காற்றில் இழுத்துக் காட்டி விளக்கினார். இந்த மாதிரி ஆட்கள் வந்து நிற்கிற கடை என்பதே எனக்குப் பெரிய விஷயம். ஊரை விட்டு வந்து தனியாகச் சமைக்கிறவனுக்குச் சரக்கு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், பதம் சொல்லித் தர ஆள் கிடைப்பதுதான் அரிது.

காசு கொடுக்க ரிங்கிட் தாளும் சரி, கியூஆர் கோடும் சரி, இரண்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்குப் பல நாள் பூட்டியிருப்பார்கள், ஈஸ்டும் வெண்ணெயும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் சனிக்கிழமைகளில் உள்ளே நிற்கவே இடமிருக்காது. வார நாள் காலையில் போனால் அக்காவிடம் நிதானமாகக் கேட்டு வாங்கலாம், தராசும் சும்மா இருக்கும்.