பேட்டரி ஸ்கூட்டரில் தீம் பார்க்

முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரையும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. எனக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம், பேட்டரி ஸ்கூட்டரில்தான் எங்கேயும் போக்குவரத்து. சுழல் கம்பிக்கு முன்னால் நின்றதுமே செக்யூரிட்டி ஓடிவந்து, "அண்ணாச்சி, பக்கத்து கேட்டைத் திறந்து விடுதேன், வாங்க" என்றார், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

உள்ளே பெரிய பாதை சிமெண்ட், பிரச்சினையே இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் குளத்துக்குப் போகிற வழி முழுக்க ஜல்லி. முன்சக்கரம் புதைந்து நின்றுவிட்டது, மகன் கூடையைப் பிடித்து இழுக்கிறான், பேட்டரி விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிட்டது. 4 வயதுப் பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது அப்பா 20 அடி தள்ளி உட்கார்ந்திருக்க முடியுமா? ரொம்ப வருத்தமாகிவிட்டது. நல்லவேளை, மச்சினனும் கூட வந்திருந்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் சாய்தளம் இருக்கிறது, ஆனால் ஒரே ஏற்றம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும், இங்கே 4 அடிகூட இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாச்சு, இதைக்கூடச் செய்யவில்லை என்றால் எப்படி?

கழிப்பறை சுத்தம், கதவும் அகலம். கேண்டீன் அக்கா கேட்டதுமே பிளக் பாயிண்டைக் காட்டினார், அதனால் சார்ஜரை மறக்காமல் எடுத்துப் போங்கள். அப்புறம், துணைக்கு இன்னொரு பெரியவர் இல்லாமல் போகாதீர்கள். ஜல்லியை எடுத்துவிட்டுச் சிமெண்ட் போட்டால் மறுநாளே நாங்கள் மறுபடியும் போவோம்.