கேம்பர் ஜாக்குக்கு அடியில போடுற வட்ட பிளாஸ்டிக் பேட்: ஒரு மழைக்காலம் ஃபுல்லா வச்சு பார்த்தாச்சு

நாங்க இருக்கிறது சியாட்டில் பக்கம். ட்ரக் கேம்பர்னா தெரியாதவங்களுக்கு, பிக்கப் ட்ரக்கோட பின்னாடி தொட்டியில தூக்கி வைக்கிற ஒரு குட்டி வீடு, நாலு மூலையிலயும் நாலு ஜாக் இருக்கும், அத இறக்கி கேம்பர தூக்கிட்டு ட்ரக்க அடியிலேர்ந்து ஓட்டிட்டு வந்துடலாம். எங்களோடது தண்ணி, கேஸ், பாத்திரம் பண்டம்லாம் சேர்த்து 3,000 பவுண்டு வரும். வீட்டு டிரைவ்வேயில ரெண்டு கார் நிக்கிறதால கேம்பருக்கு பின்பக்க புல்தரைதான் கதி.

பிரச்சனையே அந்த புல்தரைதான். இந்த ஏரியால நிறைய இடத்துல ஒன்னு ரெண்டு அடிக்கு கீழ அந்த காலத்து பனியாறு நசுக்கி வச்சுட்டு போன கெட்டி மண்ணு, தண்ணி உள்ள இறங்காது, அக்டோபர்ல மழை புடிச்சா வசந்தம் வரைக்கும் மேல் மண்ணு ஊறுன இட்லி மாதிரி இருக்கும். போன வருஷம் சும்மா ரெண்டு மரத்துண்ட ஜாக்குக்கு அடியில சொருகிட்டு தூங்க போயிட்டேன். காலையில பார்த்தா பின்னாடி இடது ஜாக் மூணு இன்ச் உள்ள போயிருக்கு, கதவு ஃப்ரேம்ல இடிச்சு தொறக்கவே மாட்டேங்குது. என் வீட்டம்மா காபி கப்போட நின்னு "ஏங்க, இது உக்காருதா, படுக்குதா"ன்னு கேட்டாங்க.

மத்த மூணையும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி மட்டம் பண்ணி, ட்ரக்க அடியில விட்டு கேம்பர அது மேல இறக்கிட்டுதான் மூச்சு விட்டேன். டீக்கடை பெஞ்சுல ஒரு கால் குட்டையானா ஆடுமே, அதேதான், ஒரு மூலை இறங்குனா எதிர் மூலையும் லேசாயிடும், மொத்த வெயிட்டும் பாக்கி ரெண்டு கால்ல ஏறும், அப்புறம் அதுவும் இறங்கும்.

சரின்னு இந்த பேட் நாலு வாங்குனேன். கருப்பு கலர், 12 இன்ச் வட்டம், ஒரு இன்ச் கனம், ஓரத்துல ஓட்டை போட்டு கயிறு மாட்டியிருக்கு. கணக்கு என்னன்னா, என் ஜாக்கோட பாதம் அஞ்சுக்கு அஞ்சு இன்ச், 25 சதுர இன்ச், ஒரு ஜாக்குக்கு சராசரியா 750 பவுண்டுன்னு வச்சா சதுர இன்ச்சுக்கு 30 பவுண்டு மண்ண அமுக்குது. பேட் போட்டா 113 சதுர இன்ச், 7 பவுண்டுக்குள்ள வந்துடும். பேப்பர்ல சூப்பர்.

ஜல்லி போட்ட இடத்துல, லேசா ஈரமான புல்லுல, நிஜமாவே சூப்பர்தான், கேம்ப்கிரவுண்டுல ஒரு குறையும் சொல்ல முடியாது. உடையல, தண்ணி குடிக்கல, ஹோஸ் பைப் புடிச்சா சேறு போயிடுது. ஆனா ஊறுன மண்ணுல கதை வேற. வெயிட் ஃபுல்லா நடுவுல அந்த அஞ்சு இன்ச்ல தான விழுது, பேட் தட்டு மாதிரி குழிஞ்சு ஓரம் மேல எழும்புது, அப்போ 113 சதுர இன்ச்னு நாம போட்ட கணக்குல பாதிதான் வேலை செய்யுது. ரெண்டாவது, ஈரமானா வழுக்குது. உள்ள யாராவது நடந்தா கேம்பர் ஆடும்ல, அந்த ஆட்டத்துல ஜாக் பாதம் மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து போறத கண்ணால பார்த்தேன், வயித்த கலக்கிடுச்சு.

இப்போ நான் பண்றது, முக்கால் இன்ச் ப்ளைவுட்ட 16க்கு 16 வெட்டி, ரெண்டு பலகைய ரேகை குறுக்கும் நெடுக்குமா வர்ற மாதிரி பசை போட்டு ஸ்க்ரூ அடிச்சு கீழ போட்டு, அது மேல பேட், பேட் மேல பழைய ரப்பர் மேட்லேர்ந்து வெட்டுன துண்டு, அப்புறம்தான் ஜாக். சதுர இன்ச்சுக்கு மூணு பவுண்டு பக்கம்தான் வருது. நீங்க கேக்கலாம், அப்போ ப்ளைவுட்டே போதுமே பேட் எதுக்குன்னு. நியாயமான கேள்வி, என் வீட்டம்மாவும் கேட்டாங்க. வீட்டுல நிறுத்த மட்டும்னா பேட் வேண்டாம், காச மிச்சம் பண்ணுங்க. ரோட்டுல போறப்போ நாலு மரப்பலகைய விட இத எடுத்துட்டு போறது ஈஸி, அவ்வளவுதான். அந்த கயிறு மட்டும் அருமையான ஐடியா, சேத்துல ஒட்டிக்கிட்டா மண்வெட்டியால நெம்ப வேண்டாம், ஒரு இழு, பொளக்னு சத்தத்தோட வந்துடும்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். எந்த பேட் போட்டாலும் கேம்பர முடிஞ்ச அளவு தாழ்வா இறக்கி வைங்க, ஜாக் நீளமா நிக்க நிக்க ஆட்டம் ஜாஸ்தி, நாலஞ்சு நாளுக்கு மேல நிறுத்துனா அடியில கெட்டியான மர ஸ்டாண்டும் குடுத்துடுங்க. நான் சமையல் மேடை மேல ஊர்லேர்ந்து கொண்டு வந்த ரசமட்டத்த அப்படியே வச்சிருக்கேன். இன்னைக்கு காலையில, மூணு நாள் மழைக்கு அப்புறம், குமிழி கோட்ட விட்டு ஒரு நூல் நகர்ந்திருக்கு, ராத்திரிக்கு இன்னொரு தடவ பார்க்கணும்.